செபி கிரேடு ஏ: உள்ளே போனபிறகு வேலை எப்படி இருக்கும்?

ஈரோட்டுக்காரி:

வணக்கம். எனக்கு 27 வயது. சிஏ முடித்துவிட்டு ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இரண்டரை வருடமாக வேலை பார்க்கிறேன். ஜவுளிக் கடைகள், சாயப்பட்டறைகள், மஞ்சள் மண்டிகள், இவர்களுடைய கணக்குகள்தான் பெரும்பாலும் என் மேஜைக்கு வரும். வேலையில் குறையில்லை. ஆனால் மார்ச், செப்டம்பர் என்று வருடம் சுற்றிச்சுற்றி அதே இடத்துக்கு வருவதுபோல் இருக்கிறது.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் கிரேடு ஏ, அதாவது தொடக்கநிலை அதிகாரிக்கான தேர்வு எழுதலாமா என்று யோசிக்கிறேன். ரிசர்வ் வங்கி வேலையைப் பற்றித் தமிழில் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். செபி என்று தேடினால் கோச்சிங் விளம்பரங்கள்தான் வருகின்றன. பாடத்திட்டம், கட்-ஆஃப், சம்பளம் எல்லாம் தெரிந்துகொண்டேன். காலையில் போய் உட்கார்ந்தால் மாலை வரை அங்கே என்ன செய்வார்கள் என்பது மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். கோவையில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் கம்ப்ளையன்ஸ் (விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும்) வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அதில் சேர்ந்துகொண்டே படிப்பது நல்லதா? அப்புறம், என் தம்பி ஒன்றரை வருடமாகப் பங்குச் சந்தையில் ஆப்ஷன்ஸ் (விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் போடும் ஒப்பந்தங்கள்) வாங்கி விற்கிறான். வீட்டில் இது ஒரு பெரிய பிரச்சினை. நான் செபியில் சேர்ந்தால் அவனால் எனக்குச் சிக்கல் வருமா?

அம்மாவுக்கு நான் மும்பை போவதில் விருப்பமில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

---

பாண்டுப் தமிழன்:

தேர்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் இரண்டு முறை எழுதி இரண்டாம் முறை தேறினேன்.

2024-இல் 97 இடங்கள், 2025 அக்டோபரில் வந்த அறிவிப்பில் 110 இடங்கள். இதில் ஜெனரல் பிரிவுக்கு மட்டும் 56 (சட்டம், கணினி போலத் தனித் துறை இல்லாத பொதுப் பணி, இடஒதுக்கீட்டுப் பிரிவு இல்லை). சிஏ என்பதால் நீங்கள் ஜெனரலுக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு 30, பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று வருடம் சலுகை உண்டு. அறிவிப்பு எல்லா வருடமும் ஒரே மாதத்தில் வருவதில்லை, அதனால் நாள் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். இப்போதே தொடங்கிவிடுங்கள்.

முதல் கட்டத்தில் இரண்டு தாள், தலா 100 மதிப்பெண். தவறான விடைக்குக் கால் பங்கு கழிவு. இரண்டாம் தாளுக்கு 40 நிமிடம்தான். கணக்கியல், காஸ்டிங், கம்பெனிச் சட்டம் எல்லாம் அதில்தான் வரும். சிஏ படித்தவர்களுக்கு அது பழகின பாதை. பொருளாதாரத்தை மட்டும் தனியாக உட்கார்ந்து படியுங்கள். என்னோடு படித்த சிஏ நண்பர்கள் எல்லாருமே அதில்தான் தடுக்கினார்கள்.

எல்லாரும் லேசாக நினைப்பது இரண்டாம் கட்டத்தில் வரும் ஆங்கிலத் தாளை. கட்டுரை, சுருக்கம், பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது, எல்லாமே கீபோர்டில் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் முறை நான் கோட்டைவிட்டது அங்கேதான். மனசில் பதில் இருந்தது, விரல் ஓடவில்லை. தினமும் அரை மணி நேரம் டைப் செய்து பழகுங்கள். இறுதிப் பட்டியலுக்கு இரண்டாம் கட்டம் 85 சதவீதம், நேர்முகம் 15 சதவீதம். நேர்முகத்தைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம்.

வேலையை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள். உங்களுக்கு அது தேவைப்படாது.

---

செட்டிநாட்டு வாசகி:

ஈரோட்டுப் பிள்ளைக்கு. உள்ளே என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறாய், அதற்காகவே எழுத உட்கார்ந்தேன். நீளமாகிவிடும், பொறுமையாகப் படி.

நான் 1995-இல் சேர்ந்தேன். ஊர் காரைக்குடிப் பக்கம். அப்போது செபி மும்பையில் நாரிமன் பாயின்ட்டில், மித்தல் கோர்ட் கட்டடத்தில் இருந்தது. 1988-இல் தொடங்கிய அமைப்பு, சட்ட அதிகாரம் கிடைத்தது 1992-இல். நான் போனபோது அந்தச் சட்டத்துக்கு மூன்று வயதுதான். பங்கைக் கணினிக் கணக்கில் வைக்கும் டீமேட் அப்போது கிடையாது. பங்கு என்றால் காகிதம். எனக்கு முதலில் கொடுத்த வேலை முதலீட்டாளர்களின் புகார்க் கடிதங்களைப் பிரிப்பது. கம்பெனி பங்குப் பத்திரத்தை அனுப்பவில்லை, கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், டிவிடெண்ட் வாரன்ட் (லாபப் பங்குக்கான காசோலை) வரவில்லை, இப்படி மூட்டை மூட்டையாக வரும். தமிழில் வரும் கடிதங்களெல்லாம் என்னிடம் வந்துவிடும். தேவகோட்டையிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார், பதினைந்து பைசா கார்டில் இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் எழுதி, ஓரத்தில் இடம் போதாமல் கார்டைத் திருப்பி வைத்தும் எழுதியிருப்பார். அவருக்குப் போய்ச் சேர வேண்டியது நூறு பங்கு. அந்தக் கார்டை நான் படிக்காவிட்டால் வேறு யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த அன்றைக்கு இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

இப்போது அதெல்லாம் ஸ்கோர்ஸ் என்ற இணையதளத்தில் வருகிறது, 2011-இலிருந்து. கம்பெனிக்கு 21 நாள் கெடு. வேலை மாறியிருக்கிறது, ஆனால் யாரோ ஒருவர் அதைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

சரி, உன் கேள்வி. எந்தத் துறையில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து நாள் மாறும். மியூச்சுவல் ஃபண்ட், தரகர்கள், கம்பெனிகள் பங்கு வெளியிடுவது, சந்தையைக் கண்காணிப்பது, விசாரணை, அமலாக்கம், சட்டம், கணினி என்று நிறைய. சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்றிவிடுவார்கள். விதிகள் எழுதும் துறையில் இருந்தால் கலந்தாய்வு அறிக்கை தயாரிப்பாய், வெளியிலிருந்து வரும் நூற்றுக்கணக்கான கருத்துகளைப் பிரித்து அட்டவணை போடுவாய். பெரும்பாலான துறைகளில் வேலை இரண்டே இரண்டு: படிப்பது, எழுதுவது. நான் அதிக காலம் இருந்தது விசாரணையில், அதனால் அதைச் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கம்பெனிப் பங்கு. நான்கு மாதத்தில் விலை பல மடங்கு ஏறியிருக்கிறது, கம்பெனியில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. சந்தையிலிருந்து ட்ரேட் லாக் வரும். எந்த நொடியில் யார் எத்தனை பங்குக்கு என்ன விலையில் ஆர்டர் போட்டார்கள் என்று ஆயிரக்கணக்கான வரிகள். அதில் இரண்டு கணக்குகள் ஒன்றுக்கொன்று விற்று வாங்கிக்கொண்டே இருந்தன. ஒன்று விற்க ஆர்டர் போட்டு இரண்டு மூன்று நொடிக்குள் மற்றது அதே எண்ணிக்கைக்கு, அதே விலைக்கு வாங்குகிறது. ஒரு நாள் நடந்தால் தற்செயல். நாற்பது நாள் நடந்தது.

இரண்டு பேருக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும். கணக்குத் தொடங்கும்போது அடையாளத்துக்காகக் கொடுத்த கேஒய்சி படிவங்களை எடுத்தோம். பெயரில் ஒற்றுமை இல்லை, போன் நம்பர் வேறு, தரகர் வேறு. இரண்டுமே சென்னை, திருவல்லிக்கேணியில் ஒரே தெரு. ஆனால் ஒருவருக்குக் கதவு எண் 14, மற்றவருக்கு 31. என்னோடு வேலை பார்த்த பையன் நாக்பூர்க்காரன், கெட்டிக்காரன். குறிப்பில் 'முகவரி வேறு, தொடர்பு தெரியவில்லை' என்று எழுதி வைத்திருந்தான். எனக்கு அந்த இரண்டு எண்ணும் உறுத்திக்கொண்டே இருந்தது. கல்யாணமான புதிதில் நான் அதே திருவல்லிக்கேணியில் வாடகைக்கு இருந்திருக்கிறேன். சென்னையில் வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று இருக்கும். கல்யாணப் பத்திரிகையில்கூட இரண்டையும் போடுவார்கள், இல்லாவிட்டால் தபால் வழி தவறிவிடும். படிவத்தோடு முகவரிச் சான்றாக வைத்திருந்த கரண்ட் பில்லின் நகலை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மங்கலாக, ஆனால் படிக்கும்படி இருந்தது: புதிய எண் 14, பழைய எண் 31. ஒரே வீடு.

அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன், மறுக்கவில்லை. ஆனால் கேள், இதற்குப் பிறகுதான் வேலையே. ஒரே வீட்டில் இருப்பது குற்றமில்லை. மாடியில் ஒருவர், கீழே ஒருவர் குடியிருந்து, இருவரும் அதே பங்கைத் தனித்தனியாக வாங்கியிருக்கலாம். வங்கிக் கணக்குகளை வரவழைத்தோம். பங்கு வாங்குவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு கணக்கிலிருந்து மற்றதற்குப் பணம் போயிருந்தது, ஒரு முறை இல்லை, பல முறை. இருவருக்கும் சம்மன் அனுப்பி வாக்குமூலம் வாங்கினோம். அவர்கள் சொன்ன விளக்கத்தை எழுதி, அது ஏன் நிற்காது என்பதையும் எழுதினோம். இதற்கெல்லாம் ஏழு மாதம் ஆனது.

அறிக்கை எழுதும்போது என் மேலதிகாரி பென்சிலை எடுத்து வைத்துக்கொள்வார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஒரே கேள்விதான்: 'எந்தப் பக்கம்?' ஆதாரம் எந்த இணைப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாத வாக்கியத்தை அடித்துவிடச் சொல்வார். 'சதி செய்து விலையை ஏற்றினார்கள்' என்று நான் எழுதியிருந்தேன். 'சதி' மேல் வட்டம் போட்டு, எந்தப் பக்கம் என்று கேட்டார். என்னிடம் பக்கம் இல்லை. அந்த வார்த்தையை எடுத்துவிட்டேன். நான்கு முறை திரும்பி வந்தது அந்த அறிக்கை. அவர் அப்போது செய்ததுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி, இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், விசாரித்தவரே தண்டனை தருவதில்லை. அறிக்கை வேறு கைக்குப் போகும். எதிர்த்தரப்புக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ், அவர்கள் பதில், நேரில் வாதம், அப்புறம்தான் உத்தரவு. உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவார்கள், எல்லாரும் 'சாட்' என்று சொல்வது அதைத்தான். அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம். உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கியவருக்கு அபராதம் குறைந்தது 10 லட்சம், அதிகபட்சம் 25 கோடி அல்லது சம்பாதித்ததில் மூன்று மடங்கு, எது அதிகமோ அது. ஒரு குடும்பத்தின் தலையில் அவ்வளவு பெரிய கல்லை வைக்கப்போகிறோம் என்றால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கம் இருக்க வேண்டாமா?

பின்னால் நானே தீர்ப்பு எழுதும் அதிகாரியாக இருந்தேன். அது வேறு வழக்கு, வேறு வருடம். நோட்டீஸ் போனவர்களில் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாவும் இருந்தார். நேர்விசாரணைக்கு மஞ்சப்பையில் எல்லாக் காகிதத்தையும் போட்டுக்கொண்டு தனியாகவே வந்துவிட்டார். வக்கீல் இல்லை. மகன் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவர் பேரில் டீமேட் கணக்கு இருப்பதே நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரியும் என்றார். எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள், அதனால் உடனே நம்பிவிடவும் முடியாது. ஆர்டர்கள் யார் போனிலிருந்து போயின, பணம் கடைசியில் யார் கையில் நின்றது என்று பார்த்தேன். ஒரு ரூபாய்கூட அவரிடம் தங்கவில்லை. அவருக்கு அபராதமில்லை என்று எழுத எனக்குப் பதினோரு பக்கம் தேவைப்பட்டது. மகனுக்கு அபராதம் போட நான்கு பக்கம் போதுமாக இருந்தது. விட்டுவிடுவதற்கும் காரணம் எழுத வேண்டும், அது இன்னும் கஷ்டம்.

உன் ஆடிட் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் மண்டிக் கணக்குப் பார்த்த பிள்ளை என்றால், பில்லில் இருக்கும் எடைக்கும் லாரி வாடகைக்கும் ஒத்துவராதபோது கண் தானாக நிற்கும் அல்லவா, அந்தக் கண்தான் இங்கே வேண்டும். அதைப் பாடப் புத்தகம் தராது. நீ அங்கே வீணாக இருந்ததாக நினைக்காதே.

தம்பி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், இப்போது மாவு அரைக்கப் போக வேண்டும்.

---

எதிர்த்தரப்பு வக்கீல்:

நான் செபியில் இருந்ததில்லை. சாட்-இல் செபிக்கு எதிராக வாதாடுகிறவன். அம்மா சொன்ன 'எந்தப் பக்கம்' என்ற கேள்வியை எங்கள் பக்கத்திலிருந்து உறுதி செய்யவே எழுதுகிறேன்.

உத்தரவு கையில் கிடைத்ததும் நாங்கள் முதலில் தேடுவது ஆதாரம் இல்லாத வாக்கியத்தைத்தான். அப்புறம், நம்பியிருக்கும் ஆவணங்களையெல்லாம் எங்கள் கட்சிக்காரருக்குக் கொடுத்தார்களா என்று பார்ப்போம். இந்த இரண்டும் சரியாக இருக்கும் உத்தரவை அசைப்பது மிகவும் கடினம். சில உத்தரவுகளைப் படிக்கும்போது எழுதியவர் யாரென்று தெரியாமலே அவர்மேல் மரியாதை வந்துவிடும்.

கோவை வேலையைப் பற்றி: எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. தரகு நிறுவனத்தில் கம்ப்ளையன்ஸ் பார்த்தவருக்கு, வாடிக்கையாளரின் பணத்தைத் தனியாக வைப்பது, மார்ஜின் என்ற ஈட்டுப் பணம் வசூலிப்பது, தினமும் சந்தைக்கு அறிக்கை அனுப்புவது எல்லாம் கைப்பழக்கமாகிவிடும். செபி வெளியிடும் சுற்றறிக்கை ஒவ்வொன்றும் உங்கள் மேஜைக்குத்தான் முதலில் வரும். தேர்வுக்குப் படிப்பதும் வேலையும் ஒன்றாகிவிடும். ஒன்று மட்டும், சேருவதற்கு முன் அந்த நிறுவனத்தின் மேல் உத்தரவு ஏதாவது உண்டா என்று செபியின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடிப் பாருங்கள். உத்தரவுகள் எல்லாம் அங்கே பொதுவில் இருக்கின்றன.

---

ஈரோட்டுக்காரி:

மூவருக்கும் நன்றி. அம்மா, உங்கள் பதிலை நேற்று ராத்திரி என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மஞ்சப்பை அம்மா கதையில் அவர் ஒன்றும் பேசாமல் இருந்தார். அப்புறம், 'மும்பையில் தங்க இடம் கொடுப்பார்களா கேளு' என்றார். அது சம்மதம் மாதிரிதான்.

தம்பியைப் பற்றிச் சொல்லுங்கள். இதுவரை மூன்று லட்சத்துக்கு மேல் விட்டிருக்கிறான். அப்பாவுக்கு முழுத் தொகை தெரியாது.

---

செட்டிநாட்டு வாசகி:

தங்குமிடம் முதலில். மும்பையில் செபிக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு. கிடைக்காதவர்களுக்குச் சம்பளத்தில் ஈடு செய்கிறார்கள். 2025 அறிவிப்பில் அடிப்படைச் சம்பளம் 62,500, குவார்ட்டர்ஸ் இல்லாமல் மும்பையில் மாதம் மொத்தம் சுமார் 1,84,000 என்று போட்டிருந்தார்கள். தலைமை அலுவலகம் இப்போது பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில். மாதுங்கா, செம்பூர் பக்கம் வீடு பார்த்தால் நம் ஊர்க் காய்கறியும் கோயிலும் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். அம்மாவைப் பத்து நாள் கூட்டிவந்து வைத்துக்கொள், பழகிவிடுவார். சென்னையில் தென் மண்டல அலுவலகம் இருக்கிறது, ஆனால் அங்கே இடம் கொஞ்சம்தான். தொடக்கத்திலேயே சென்னை கிடைக்கும் என்று வீட்டில் சொல்லி வைக்காதே.

தம்பி. சட்டப்படி கேட்டால், சேர்ந்த பிறகு நீ உன் முதலீடுகளையும் உன்னைச் சார்ந்திருக்கும் குடும்பத்தாரின் முதலீடுகளையும் தெரிவிக்க வேண்டும். நீ பங்குகளில் வாங்கி விற்கும் வேலையை விட்டுவிட வேண்டும். தனியாகச் சம்பாதிக்கும் தம்பி செய்வதற்கு நீ பொறுப்பில்லை. ஆனால் ஆபீசில் பார்த்ததை வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால்கூட அது உன்னை முடித்துவிடும். சாப்பிடும்போது 'இன்றைக்கு என்ன வேலை அக்கா' என்று அவன் கேட்டால், 'படித்தேன், எழுதினேன்' என்று மட்டும் சொல்லப் பழகு. என் வீட்டுக்காரருக்கு நான் எந்தக் கம்பெனியை விசாரித்தேன் என்று முப்பது வருடத்தில் ஒரு முறைகூடத் தெரியாது.

சட்டத்தை விட்டுவிட்டுச் சொல்கிறேன். 2024 செப்டம்பரில் செபி ஒரு ஆய்வு வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள் இந்த எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களில்) இறங்கியிருக்கிறார்கள். நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம். எல்லாருக்கும் சேர்த்து 1.8 லட்சம் கோடிக்கு மேல் போயிருக்கிறது. அடுத்த வாரமே விதியை இறுக்கினார்கள், ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை 15 லட்சமாக உயர்த்தினார்கள், வாராவாரம் முடியும் ஒப்பந்தத்தை ஒரு சந்தைக்கு நிஃப்டி, சென்செக்ஸ் போல ஒரே ஒரு குறியீடு என்று குறைத்தார்கள். அந்த அறிக்கை செபி இணையதளத்தில் இருக்கிறது. அவனைத் திட்டாதே. அவனுடைய கணக்கின் லாப நஷ்ட அறிக்கையை அவனையே டவுன்லோட் செய்யச் சொல், தரகு, வரி எல்லாம் சேர்த்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீ ஆடிட்டர் மாதிரி அவனோடு உட்கார். வரி வரியாக டிக் போடுங்கள். மூன்று லட்சம் என்று வாயில் சொல்வது வேறு, எந்த நாள் எவ்வளவு போனது என்று காகிதத்தில் பார்ப்பது வேறு.

அப்பாவிடம் அவனே சொல்லட்டும். நீ பக்கத்தில் இரு.

அறிவிப்பு வந்ததும் இங்கேயே எழுது. ஆங்கிலக் கட்டுரை பத்து எழுதி அனுப்பினால் பென்சிலோடு படித்துத் தருகிறேன்.

---

ஈரோட்டுக்காரி:

இன்றைக்குச் சாயங்காலமே முதல் கட்டுரையை ஆரம்பிக்கிறேன் அம்மா. தம்பி அறிக்கையை டவுன்லோட் செய்துவிட்டான், 64 பக்கம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறோம்.